சத்தம் வராத அப்டேட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு வாரம். பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் நடந்தது இது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மருந்துக்கடைக்கு மேலே ஒரு அறை, அவ்வளவுதான். நான், நான் தம்பி என்று கூப்பிடும் ஒரு சக ஊழியர், நாங்கள் இருவரும் அண்ணாச்சி என்றழைக்கும் உரிமையாளர். மொபைல் செயலிகள் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில்.

அப்போது பேச்சு வராத குழந்தைகளுக்காக ஒரு செயலி செய்திருந்தோம். தம்ளர் படத்தைக் குழந்தை தொட்டால், தண்ணீர் வேண்டும் என்று போன் பேசும். ஒரே நிரலை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடவைக்கும் ஹைப்ரிட் வகை. எழுதிய நிரலை, போனில் போடக்கூடிய செயலியாகத் தயார்செய்து எடுப்பதை 'பில்ட்' என்போம். அது முழுக்கத் தம்பியின் வேலை. அவர் லேப்டாப்பில், அவருக்கு மட்டுமே தெரிந்த வரிசையில் செய்வார். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அதுதான் அவர் இருக்கிறாரே!

அதுவரை செயலியில் பேசியது இயந்திரக் குரல். அதை எடுத்துவிட்டு, ஒருவரைப் பேசவைத்துப் பதிவுசெய்த குரலோடு புதிய பதிப்பை வெளியிட்டார் தம்பி. அன்று அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் டெங்கு என்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

அதற்கடுத்த நாள் காலையில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு தாய் கூப்பிட்டார். அவருடைய ஏழு வயது மகள் எங்கள் செயலி வழியாகத்தான் பேசுவாள்.

"அக்கா, படத்தத் தொட்டா சத்தமே வர மாட்டேங்கு."

போனில் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன்.

"எல்லாம் பாத்துட்டேன்க்கா. நான் பின்னால துணி தொவச்சிட்டு இருந்தேன். பிள்ளைக்கு வயித்து வலி போல. அந்தப் படத்தையே தொட்டுத் தொட்டுப் பாத்திருக்கா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. உள்ள வந்து பாத்தா, போனத் தூக்கி எறிஞ்சிட்டு சுருண்டு கெடக்கா. இப்பதான் மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்கேன்."

அவர் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் போனில் போட்டுப் பார்த்தேன். படங்கள் வந்தன, குரல் இல்லை. ஒவ்வொரு பில்டுக்கு முன்பும் கையால் நகலெடுத்துச் சேர்க்க வேண்டிய சில கோப்புகள் உண்டு. காய்ச்சலில் குரல் பதிவுகளைச் சேர்க்கத் தம்பி மறந்திருக்கிறார். பதிவுகள் இருந்ததோ அவர் லேப்டாப்பில் மட்டும். அதன் கடவுச்சொல்லைக் கேட்கத்தான் மருத்துவமனைக்குப் போனேன். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போவதாகச் சொன்னார்கள். அழுது வீங்கிய முகத்தோடு வராந்தாவில் நின்ற அவர் மனைவியிடம் என்னவென்று கேட்பது? தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பழைய இயந்திரக் குரலையே மறுபடி வைக்கலாம் என்றாலும், அதற்கும் புதிதாக ஒரு பில்ட் எடுத்தாக வேண்டும். திரைகளை வடிவமைப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. என்னிடமிருந்த நிரலை வைத்து முயன்று பார்த்தேன்; ஒரு பிழையைச் சரிசெய்தால் வேறு இரண்டு வந்து நின்றன. சாயங்காலம் கூச்சத்தோடு அந்தத் தாயைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு மூணு நாள் ஆகும்போல இருக்கும்மா. இந்த வேலையச் செய்யுதவரு டெங்கு வந்து ஆஸ்பத்திரில இருக்காரு."

இதோ திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"அவுகளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க பைய செய்யுங்கக்கா. அதுவரைக்கும் அவ தொடத் தொட நான் பக்கத்துல இருந்து வாயால சொல்லுதேன்" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு, "நான் சொல்லுததையே பதிஞ்சு அனுப்புனா, அத உள்ள வைக்க முடியுமாக்கா?" என்று கேட்டார்.

முடியும். எனக்குத்தான் அது தோன்றவே இல்லை.

மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. "எம்மா, தண்ணி தா." "வயிறு வலிக்கு." "எனக்கு வேண்டாம்." ஒன்றில் பின்னால் கோழி கத்தியது. இன்னொன்றில் பஸ் ஹாரன். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம ஊருப் பிள்ளைக இப்பத்தான் நம்ம ஊருப் பேச்சு பேசுது" என்றார். இந்தக் குரலையே எல்லோருக்கும் வைக்கலாமா என்று மற்ற பெற்றோரிடமும் கேட்டோம். எல்லோரும் சரி என்றார்கள்.

இந்த முறை பில்டை யாருடைய லேப்டாப்பிலும் வைக்கவில்லை. இணையத்தில் ஒரு கணினியை ஏற்பாடு செய்து, நிரலையும் குரல் பதிவுகளையும் ஒரே இடத்தில் போட்டு, எங்களில் யார் மாற்றம் செய்தாலும் பில்ட் தானாக நடக்கும்படி அமைத்தேன். ஒரே ஒரு படத்துக்குக் குரல் விட்டுப்போனாலும் பில்ட் நின்றுவிடும். திரும்பத் திரும்பச் சிவப்பில் தோல்விச் செய்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி ஒரு டீயை வைத்துவிட்டு, "இன்னொருக்கா போடும்மா" என்பார். கடைசியில் பச்சை வந்தபோது அழுகையும் வந்துவிட்டது.

தம்பி இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டுத் தலை கவிழ்ந்து உட்கார்ந்துவிட்டார். "லே, அவ்வளவு வேலையையும் ஒன் ஒருத்தன் தலையில வச்சது யாரு? நாங்கதானே?" என்றார் அண்ணாச்சி.

தம்பியின் லேப்டாப்பில் இருந்த பதிவுகள்தான் கிடைத்துவிட்டனவே, குரலை மாற்றிவிடலாமா என்று கேட்க, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போன் போட்டேன்.

"மாத்திராதியக்கா!" என்று பதறினார் அந்தத் தாய். "நேத்து அடுக்களைல நிக்கேன். 'எம்மா, இங்கன வா'ன்னு என் குரலே என்னக் கூப்பிடுது. ஓடிப்போயி பாத்தா ஒண்ணும் இல்ல, சும்மாத்தான் கூப்பிட்டிருக்கா. என்னப் பாத்துச் சிரிக்கா. ஏழு வருசத்துல அவ என்னச் சும்மா கூப்பிட்டதே இல்லக்கா."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொள்ள முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று எங்களில் யார் விடுப்பில் போனாலும் பில்ட் நடக்கிறது. ஆனால் வேலையில் யாராவது தவறும்போது, கோபத்தில் என் வாய் திறப்பதற்குள், முகம் தெரியாத ஒருவரின் காய்ச்சலை முதலில் விசாரித்த அந்தக் குரல் எனக்குக் கேட்டுவிடுகிறது.