குத்தகைக்குப் போகும் பள்ளிக்கூடம்

நேற்று சங்கரா மீன் ஆய்வதற்கு விரித்த பழைய நாளிதழில் அந்தச் செய்தி இருந்தது. பயன்பாட்டில் இல்லாத பள்ளிக் கட்டடம் ஒன்றைக் குத்தகைக்கு விட நகராட்சி அரசின் ஒப்புதலைக் கோரியிருக்கிறது. எத்தனை ஆண்டுக் குத்தகை என்பது செதில் ஒட்டிய இடத்தில் இருந்ததால் தெரியவில்லை. படத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர் காலத்து வளைவுச் சன்னல்கள், நான் முதன்முதலில் ஆசிரியையாகச் சேர்ந்த பள்ளியினுடையவை.

மீன் வாடைக்கும் அந்தப் பள்ளிக்கும் உறவு உண்டு. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் மூடிவிடுவதாக நான் சேர்ந்த ஆண்டு கடிதம் வந்திருந்தது. பிள்ளை பிடிப்பதற்குப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் வைக்கவில்லை. ஆகவே, தெருவில் மீன் விற்க வரும் வீராம்பட்டினத்து அஞ்சலையிடம் அவர் மகள் பூமயிலைப் பள்ளிக்கு அனுப்பக் கேட்டேன். கூடவே, தேவையில்லாத நேர்மையுடன், "உங்க ஊர்ல இஸ்கூல் இல்லியா?" என்றும் கேட்டுவைத்தேன்.

"இருக்குது டீச்சர். நான் விடியறதுக்குள்ள கூடைய தூக்கினு வந்துடறேன். எழுப்பி அனுப்ப ஆரு இருக்கா? இங்கன்னா கூடவே இட்டாந்துடுவேன். ஆனா ஒண்ணு, இனிமே எங்கிட்ட பேரம் பேசக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். அவருடைய கூட்டாளிகளும் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர். அவர்களில் பன்னிருவர் ஒரே ஊர். அதிலிருந்த ஆபத்து, கணக்குப் பாடம் நடத்திய எனக்குத் தோன்றவில்லை.

ஆடி வெள்ளியன்று அவர்களுடைய அம்மனுக்குத் தேர். திங்கட்கிழமை அதிகாரி தலை எண்ண வந்தார். பத்துத் தலைகள் இருந்தன.

"மத்த புள்ளைங்க எங்க மேடம்?"

"தேருக்குப் போயிருக்காங்க சார்."

"தேரு வெள்ளிக்கிழமையே முடிஞ்சுடுச்சே."

"அவங்களுக்கு இன்னும் முடியல சார்."

அவர் பத்து என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் வந்த அஞ்சலையிடம் சொன்னேன். "தேரு வருசத்துக்கு ஒரு தபாதான் வருது டீச்சர். ஆபீசரு என்னைக்கு வேணாலும் வரலாமே" என்றார். அதையே நல்ல தமிழில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை, ஆண்டு இறுதியில் மூடும் ஆணைதான் வந்தது.

இருபத்திரண்டு மாற்றுச் சான்றிதழ்கள் எழுதினேன். இருபத்தொன்றை வாங்கிப் போனார்கள்.

அடுத்த ஜூனில் பூமயில் சிறிய கூடை ஒன்றுடன் தாயின் பின்னால் எங்கள் தெருவுக்கு வந்தாள். என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்ல அங்கே பெஞ்சு இல்லை.