கை நீட்டிய கிளைவ்

நாட்டிங்ஹாம் பனித்தளத்தில் ஜெனைனும் கிளைவும் பாட்டுக்கேற்ப ஜோடியாகச் சறுக்கப் பழக வந்த அன்றே, பயிற்சியாளர் திருமதி பெகட் ஈவு இரக்கமில்லாத ஒரு சட்டம் போட்டார். ஒருவர் விழுந்தால் மற்றவர் நிற்கக் கூடாது.

"பாட்டு உங்களுக்காக நிக்காது. விழுந்தவங்கதான் எழுந்து ஓடி வந்து சேந்துக்கணும்."

ஜோடிச் சறுக்கலில் ஆண் பெண்ணை உயரத் தூக்கி எறிவான், அவள் சுழன்று ஒற்றைக்காலில் பனியில் இறங்க வேண்டும். தூக்கி எறியப்படுகிறவள் ஜெனைன் என்பதால் விழுகிறவளும் பெரும்பாலும் அவள்தான். காலைப் பயிற்சி முடிந்து ரொட்டிக் கடை வேலைக்குப் போனால், இடுப்பில் கன்றிப்போன இடம் கல்லாவில் இடித்து உயிர் போகும். மறுநாள் கிளைவிடம் சண்டைக்குப் போவாள்.

"ஏன்டா, நான் என்ன மாவு மூட்டையா?"

"மூட்டை இவ்வளவு பேசாது."

அவள் விழும்போது அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டியபடி போய்க்கொண்டே இருப்பான். அவள் வந்து பிடித்துக்கொள்வாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருடம் தேசியப் போட்டியில் அவள் தரையிறங்கும்போது மோசமாக விழுந்தாள். அவசரமாக எழப் போனவள் நிமிர்ந்து பார்த்தால், எதிரே கிளைவ் குனிந்து கை நீட்டிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா நின்னுட்ட? போடா!"

"ரொம்ப அடி பட்டுடுச்சா?"

அரங்கமே உருகிப்போய்க் கைதட்டியது. ஜெனைனுக்கோ ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பயந்துவிட்டவன் இனி அவளை உயரத் தூக்கி எறியமாட்டான். அந்தக் கையைப் பிடித்து எழுந்தபோதே, வேறு ஜோடி தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.