பதினான்கு சிவப்புச் சட்டைகள்

பன்னிரண்டு ஆட்டங்கள், ஒரு வெற்றிகூட இல்லை. போட்ட கோல் ஐந்து, வாங்கியது முப்பத்தொன்பது. பதினேழு வயதுக்குட்பட்டோர் தேசியக் கால்பந்து அணி நான்கு சர்வதேசப் போட்டிகளுக்குப் போய்ச் சேர்த்து வைத்திருந்த சொத்து அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் மூன்றே ஆட்டங்கள், பிறகு பெட்டியைக் கட்டு, வீட்டுக்கு நட. அந்தப் பெட்டியை நான்கு முறையும் கட்டியவர் துணியக்கா.

ஐம்பத்தொரு வயது. ஒன்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார். பிறகு இருபத்திரண்டு வருடமாக இந்த அணியின் உடுப்புப் பொறுப்பு. ஆட்டக்காரர்கள் வளர்ந்து, மீசை முளைத்துப் போய்விடுவார்கள். அக்கா மட்டும் அதே இடத்தில், கையில் சோப்பு வாசனையோடு இருப்பார்.

ஐந்தாவது போட்டி சொந்த நாட்டிலேயே நடந்தது. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவது சமன். மூன்றாவது ஆட்டம் வியாழக்கிழமை மாலை. ஒன்றுக்குப் பூஜ்ஜியம். வெற்றி! நடுவர் விசில் ஊதியதும் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு கவிழ்ந்தது. மேனேஜர் செருப்பைத் தொலைத்தார். இவ்வளவுக்கும் அடுத்த சுற்று இல்லையென்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பக்கத்து நகரத்தில் அதே நேரத்தில் நடந்த ஆட்டத்தின் நிலவரம் அப்படி இருந்தது.

இந்த அணிக்கு ஒரு வழக்கம் உண்டு. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்துவிடுவார்கள். அதற்கு மேல் அந்தச் சட்டைக்கு வேலை இருந்ததே இல்லை. ஆனாலும் கேப்டன் அக்காவிடம் ஓடி வந்து கேட்டான்.

"அக்கா, எறியலாமா?"

"எறி கண்ணா! ஜெயிச்ச சட்டைடா. பெட்டிக்குள்ள பூட்டி வச்சு என்ன பண்ணப் போறோம்?"

பதினொரு பேரும் மாற்று ஆட்டக்காரர்கள் மூவரும் எறிந்தார்கள். பதினான்கு சிவப்புச் சட்டைகள் பதினெட்டாயிரம் தலைகளுக்குள் விழுந்து மறைந்தன.

நான்கு நிமிடம் கழித்துப் பெரிய திரையில் செய்தி வந்தது. பக்கத்து நகரத்தில் கடைசி நொடியில் ஒரு கோல். கணக்கு தலைகீழாகிவிட்டது. நம் அணி காலிறுதியில்!

பையன்கள் வெற்றுடம்போடு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். அந்த உடம்புகளைப் பார்த்த அக்கா மட்டும் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சட்டைகளைத் தேடினார்.

அணிக்கு இரண்டே செட். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலிறுதி, எதிரணிக்கு வெள்ளை, நமக்குச் சிவப்பு என்று போட்டிக் குழுவின் கடிதம் வந்துவிட்டது. புதிதாகத் தைக்க ஒன்பது நாள் ஆகும் என்றது கம்பெனி. பதிவு செய்த சட்டை இல்லையென்றால் ஆட்டமே எதிரணிக்குப் போய்விடும்.

"யாரு எறியச் சொன்னது?" மேனேஜர் கத்தினார்.

"நான்தான் சார்."

"நீங்களா? இருபத்திரண்டு வருஷமா ஒரு சாக்ஸைக்கூட தொலைக்காத ஆளு!"

"இருபத்திரண்டு வருஷமா நாலாவது ஆட்டமும் வரல சார்."

மேனேஜர் வானொலி நிலையத்துக்குப் போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வானொலியில் அக்காவின் குரல் வந்தது. "சட்டையைப் பிடிச்சவங்க தயவுசெஞ்சு மைதானத்து மூணாம் கேட்டுக்குக் கொண்டு வாங்க. போட்டி முடிஞ்சதும் துவைச்சு, கையெழுத்தோட திருப்பித் தர்றேன்."

பத்து மணிக்கு வரிசை தெருமுனை வரை நீண்டது. தொலைந்தது பதினான்கு, வந்தது அறுபதுக்கு மேல். தன் சட்டையைப் போட்டுக்கொண்டு அணி ஆட வேண்டும் என்று ஊருக்கே ஆசை.

"அக்கா, பத்தாம் நம்பர். என் ரெண்டு கையால பிடிச்சேன்" என்றார் ஒருவர்.

அக்கா காலரைத் திருப்பிப் பார்த்தார். "கடையிலதானே பிடிச்சீங்க தம்பி?"

வரிசை மொத்தமும் சிரித்தது. அக்காவின் ஒவ்வொரு சட்டையிலும் காலருக்கு உட்புறம் பச்சை நூலில் மூன்று தையல் இருக்கும். விரிப்புகள் வார்டு மாறிப் போகாமலிருக்க ஆஸ்பத்திரியில் பழகிய அடையாளம் அது. அதை வைத்து மதியத்துக்குள் பதின்மூன்றைப் பொறுக்கி எடுத்துவிட்டார். ஒன்பதாம் எண் மட்டும் வரவில்லை. அது கோல் போட்டவனின் சட்டை.

இரண்டு மணிக்கு ஒரு போன். பெண் குரல், பயந்த குரல்.

"அக்கா, திட்டக் கூடாது. ஒன்பதாம் நம்பர் எங்க வீட்லதான் இருக்கு."

"நல்லதாப் போச்சு! ஏம்மா திட்டப் போறேன்?"

"என் பொண்ணுக்கு எட்டு வயசு. சட்டை தொளதொளன்னு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வெட்டி, அவ அளவுக்குத் தச்சிட்டேன்."

"வெட்டின துண்டு?"

"குப்பையில. ஆனா இன்னும் கொட்டல."

"கொட்டிடாதீங்க! வந்துட்டே இருக்கேன்."

அக்காவின் கணவர் ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். பாதி சரக்கோடு வந்து ஏற்றிக்கொண்டார். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல இப்பத்தான் என்னை அவசரமாக் கூப்பிட்டிருக்கே" என்றார்.

"பேசாம ஓட்டுங்க."

ரொட்டி வாசத்தோடு போய் இறங்கினால், அந்தக் குட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலின் மேல் நின்றது. "கழட்ட மாட்டேன்."

அம்மா கெஞ்சினாள். அக்காவின் கணவர் ஒரு ரொட்டியை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அக்கா கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் குடுத்தா அவங்க ஜெயிப்பாங்களா?" என்றது குட்டி.

"அது எனக்குத் தெரியாதும்மா. துவைச்சுத் திருப்பித் தருவேன். அது தெரியும்."

சட்டையைக் கழற்ற வாகாகக் குட்டி கைகளை மேலே தூக்கியது.

அந்த வீட்டுத் தையல் மெஷினிலேயே அக்கா உட்கார்ந்தார். தையலைப் பிரித்து, குப்பையிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று முறை ஓட்டினார். சனிக்கிழமை உடுப்புப் பரிசோதனையில் அதிகாரி அந்தத் தையலை விரலால் இழுத்துப் பார்த்தார், இன்னொரு முறையும் இழுத்தார், முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை. எழுபத்தோராம் நிமிடம் வரை கோல் இல்லை. பந்து இடப்பக்கத்திலிருந்து உயரமாக வந்தது. ஒன்பதாம் எண் எழும்பினான். பின்னாலிருந்த தடுப்பாட்டக்காரன் அவன் சட்டையை இடுப்புப் பக்கம் கொத்தாகப் பிடித்து இழுத்தான். சரியாகத் தையல் இருந்த இடம். அக்கா பந்தைப் பார்க்கவே இல்லை. துணி விறைத்தது, நீண்டது, கிழியவில்லை. பிடித்தவனின் கைதான் நழுவியது. அரங்கம் அலறிய பிறகுதான் பந்து வலைக்குள் கிடப்பது அவருக்குத் தெரிந்தது.

ஒன்றுக்குப் பூஜ்ஜியம். பதினாறு ஆட்டங்கள், இரண்டு வெற்றிகள்.

கூட்டம் கைகளை நீட்டிக்கொண்டு "சட்டை! சட்டை!" என்று கத்தியது. ஒருவனும் எறியவில்லை. கேப்டன் முதல் ஆளாக ஓடி வந்து சட்டையைக் கழற்றி, மடித்து, அக்காவின் கையில் வைத்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினார். பதினான்கு. கடைசியாக வாங்கிய ஒன்பதாம் எண்ணை மட்டும் முகத்தில் ஒற்றிக்கொண்டார், வியர்வை நாற்றத்தோடு.

"அழறீங்களா அக்கா?"

"போடா. துவைக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாக்குறேன்."

அரையிறுதி புதன்கிழமை நான்கு மணிக்கு. கடிதம் வந்துவிட்டது. நமக்குச் சிவப்பு.