இறங்கி ஏறுங்கள், வேகத்தடை வருகிறது!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு திருவரங்குளத்துக்குக் கார் பார்க்கப் போனோம்.

போனோம் என்றால்? நான், வீட்டுக்காரர், அத்தை (அதாவது என் மாமியார்), கொழுந்தன் ஆரோக்கியம், அவன் மனைவி லதா. ஆக ஐந்து பேர். ஒரு காரைப் பார்க்க எதற்கு இத்தனை பேர் என்று எங்கள் பக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். ஃப்ரிட்ஜ் வாங்கவே குடும்பத்தோடு போகிறவர்கள் நாங்கள். தனியாகப் போய் வாங்கி வந்துவிட்டால், ‘ஒரு வார்த்தை சொல்லலையே’ என்ற பேச்சு அந்த ஃப்ரிட்ஜைவிட அதிக நாள் உழைக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் பைக்கோடு நிறுத்திக்கொண்டவர். ஆரோக்கியத்திடம் லைசென்ஸ் இருக்கிறது... அவன் ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

கந்தர்வக்கோட்டையில் நான் தையல் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் முக்கியமான வேலை. புதுக்கோட்டைக்குப் போய்த் துணி எடுக்க வேண்டும். தைத்ததைப் பள்ளிகளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதற்காகத்தான் நாற்பது வயதுக்கு மேல் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். பழைய வெள்ளைக் காருக்கு வயதாகிவிட்டது. அது வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடும். பள்ளி திறக்கிற வாரம் பார்த்து நடுரோட்டில் நின்றுவிடும். சரி, மாற்றிவிடலாம் என்று வீட்டில் முடிவானது.

என்ன வண்டி வாங்குவது? அங்கேதான் தகராறு.

வீட்டுக்காரர் மனதில் இருந்தது ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. ‘நல்லது கெட்டதுக்கு எல்லாரும் போகலாம்ல?’ என்பது அவர் கட்சி. என் மனதில் இருந்தது... எழுதவே வெட்கமாக இருக்கிறது. மிளகாய்ப்பழச் சிவப்பில், தரையோடு தரையாகப் படுத்திருக்கும், அகல டயர் போட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் மாடல்.

அதைப் பார்த்தது புதுக்கோட்டையில் பல் டாக்டர் கிளினிக் வாசலில். டாக்டர் நிவேதாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, ‘அரை மணி நேரம் பேசாதீங்க அக்கா’ என்றார். ஆயுளில் பாதியைப் பேசாமலே கழித்தவளுக்கு அது ஒரு கஷ்டமா? ஆனால் வெளியே வந்து அந்தக் காரைப் பார்த்ததும், மரத்துப்போன வாயோடு திரும்ப உள்ளே போய், ‘அழு உங்க வண்ழியா?’ என்று கேட்டுவிட்டேன்.

மருந்தில் வெட்கமும் கொஞ்சம் மரத்துப்போயிருக்க வேண்டும்.

‘ஆமாக்கா. மேல்படிப்புக்கு வெளிநாடு போறேன். குடுத்துட்டுத்தான் போகணும். யாராச்சும் இருந்தா சொல்லுங்களேன்’ என்றார்.

யாராவது இருந்தால்!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். திருவரங்குளத்தில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் எங்கள் பழைய காரை நிறுத்தினோம். நிவேதா சாவியைக் கொடுத்து, ‘ஓட்டிப் பாருங்கக்கா, நான் வீட்லதான் இருக்கேன்’ என்றார். அவருக்கும் சேர்த்து இடம் ஏது? ஐந்து பேரும் ஏறிவிட்டோமே!

‘ஏத்தா, உக்காந்தா எந்திரிக்க முடியாது போலருக்கே. கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்கு’ என்று பின்சீட்டிலிருந்து அத்தை.

வண்டியை எடுத்தேன். காலை வைத்ததுமே கிளம்பியது. என்ன ஒரு கிளம்பல்! இரண்டு தெரு தாண்டியிருப்போம். முதல் வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். முன்சக்கரம் ஏறி இறங்கியதும் அடியில் ‘கர்ர்ர்ர்...’ என்று ஒரு சத்தம். எனக்குப் பிடுங்கிய பல் திரும்ப வலித்தது.

‘நிறுத்து, நிறுத்து! எல்லாரும் எறங்குங்க’ என்றார் வீட்டுக்காரர்.

இறங்கினார்கள். நான் மட்டும் வண்டியை ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. எல்லாரும் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனால் அடுத்த வேகத்தடை. இறங்கினார்கள். ஏறினார்கள். அதற்கடுத்தது ஒரு டீக்கடை வாசலில். ஊரே அங்கேதான் இருந்தது. அத்தை ஒரு கையால் முழங்காலையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: ‘என்னங்க, டவுன் பஸ்ஸா? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு எறக்கி ஏத்துறீங்க?’

பக்கத்தில் இருந்தவர், ‘அத்தாச்சி, டிக்கெட்டு எம்புட்டு?’ என்றார் அத்தையைப் பார்த்து.

அத்தை விடுவாரா? ‘கண்டக்டரு முன்னாடி இருக்காரு, அவருகிட்ட கேளுங்க’ என்று தன் மகனைக் கைகாட்டினார். டீக்கடையே சிரித்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே புகுந்துவிட முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் நிவேதா குனிந்து அடியில் பார்த்தார். ‘பெருசா ஒண்ணுமில்ல. அஞ்சு பேருமா போனீங்க?’

‘எல்லாரும் பாத்தாத்தானே டாக்டர் நல்லது?’ என்றான் ஆரோக்கியம்.

நிவேதா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ‘மதினி, அது ரேஸ் வண்டி. இங்கிட்டு அதுக்கு ரோடு எங்க இருக்கு?’ என்றான் ஆரோக்கியம். லதா, ‘கலரு நல்லாருக்குக்கா’ என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரர் கடைசியாகச் சொன்னார்: ‘ஸ்டெல்லா, வண்டின்னா நம்மளச் சொமக்கணும். நம்ம வண்டியச் சொமக்கக் கூடாது.’

நல்ல வாக்கியமாகத்தான் சொன்னார். அடுத்த வாரம் ஏழு பேர் வண்டி ஒன்றைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. அப்படிக் கொடுத்துவிட்டால் எனக்குச் சிவப்புக் கார் இந்த ஜென்மத்தில் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் இரண்டு மெஷின். ஒன்று காலால் மிதிப்பது. அதற்குத் துளி எண்ணெய் போதும், வேறு கவனிப்பு வேண்டாம். இன்னொன்று மோட்டார் வைத்த பவர் மெஷின். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ஆனால் நூல் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் அறுத்துவிடும். ஊசி சரியில்லை என்றால் முரண்டு பிடிக்கும். ரிப்பேர் என்றால் திருச்சியிலிருந்துதான் ஆள் வர வேண்டும்.

இந்த இரண்டில் நான் நம்புவது எதை? பவர் மெஷினைத்தான்! ஏன்? அது எப்போது மக்கர் பண்ணும், எதற்காகப் பண்ணும் என்று எனக்கு அத்துபடி. அதற்கு ஏற்றாற்போல நல்ல நூல் வாங்கி வைத்துக்கொள்கிறேன். கெட்டே போகாத பொருள் எங்கே இருக்கிறது? எப்படிக் கெடும் என்று தெரிந்துகொண்டால் முக்கால் கவலை தீர்ந்தது.

கூடவே இன்னொரு யோசனையும் வந்தது. எங்கள் வெள்ளைக் காரில் சாதாரணமாக யார் போகிறோம்? நான் போகிறேன். துணி மூட்டை போகிறது. எப்போதாவது கண் டாக்டரிடம் போக அத்தை வருவார். ஐந்து பேரும் சேர்ந்து போனது? இந்தக் கார் பார்க்கப் போனதை விட்டால், ஆவூர்ச் சர்ச் திருவிழாவுக்குப் போனதோடு சரி.

அப்படியென்றால், திருவரங்குளத்தில் நாங்கள் அந்தக் காரை எடை போட்டது திருவிழா நாள் எடையில்!

யோசித்துப் பார்த்தால், வீட்டில் பாதிச் சாமான் இப்படித்தான். வராத விருந்தாளிக்காக வாங்கிய அண்டா பரணில். யாரும் உட்காராத பெரிய சோபா ஹாலில்... அதன் மேல் மடிக்காத துணி. என்றைக்கோ ஒரு நாள் வரும் கூட்டத்துக்காக வாங்கிப் போட்டுவிட்டு, தினம் தினம் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு அண்டா இருக்கும், பாருங்கள்.

அன்று சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். ‘என்னங்க, அந்தச் செவப்பு வண்டிய இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துட்டு வாரேன். தனியா.’

‘தனியாவா? எதுக்குத் தனியா?’

‘தனியாத்தானே எப்பவும் ஓட்டப் போறேன்.’

காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். ‘போயிட்டு வா. முடிவு பண்ணிட்டு மட்டும் வந்துராத.’

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு பெரிய பொருளைப் பார்க்க நான் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. ஓட்டிக்கொண்டே யோசிக்க முடியாது என்று பஸ்ஸில் போனேன். என்ன கேட்க வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நிவேதாவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

நல்லவேளை, அவரே பேசினார். ‘அக்கா, ஒங்ககிட்ட மறைக்க மாட்டேன். இது செலவு வைக்கிற வண்டி. பள்ளத்துல விட்டு ஒரு ரிம் வளைஞ்சு மாத்தியிருக்கேன். கிளட்ச் மாத்தியாச்சு. இந்த டயரு நம்ம ஊரு கடையில கெடைக்காது. ரோட்டோர ஒர்க்‌ஷாப்ல விட்றாதீங்க, திருச்சிதான் போகணும். பார்ட்ஸ் வரலன்னா காத்துக்கெடக்கணும். மைலேஜும் ஒங்க பழைய வண்டி மாதிரி வராது.’

‘நடுவழியில நின்னுருக்கா?’ என் முதல் கேள்வி எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

‘ஒரு தடவகூட நின்னதில்லக்கா. ஆனா சத்தம் குடுக்கும். அது சத்தம் குடுக்குறப்பவே காட்டிறணும். நாளைக்குப் பாப்போம்னு விட்டா, பெருசா இழுத்து வச்சிரும்.’

பல் டாக்டர் அல்லவா!

தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். அதே தெரு, அதே வேகத்தடை. கொஞ்சம் சாய்த்து, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றினேன். சத்தம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இறங்குவதற்கு ஆள் இல்லை என்றதும் டீ ஆற்றப் போய்விட்டார்.

ஆலங்குடி ரோட்டில் கொஞ்ச தூரம். அப்படி ஒன்றும் வேகமாகப் போய்விடவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. ஆனால் காலின் கீழே வேகம் இருக்கிறது, நான் கேட்டால் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டே மெதுவாகப் போவது இருக்கிறதே... அது வேறு ஒரு நிம்மதி. பழைய காரில் மெதுவாகப் போனால் அதற்கு முடியவில்லை என்று அர்த்தம். இதில் நானாக மெதுவாகப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து, சொன்னபடியே முடிவு பண்ணாமல், செலவு வைக்கும் என்று நிவேதா சொன்ன எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன். வாங்க வேண்டும் என்கிறவள், வாங்கக் கூடாததற்கான காரணத்தை இப்படி அடுக்குகிறாளே என்று அவருக்குக் குழப்பம்.

‘இம்புட்டுச் சொல்றியே, அப்புறம் அத நம்பலாமா? பள்ளிக்கூடம் தொறக்குறப்ப கவுத்துட்டா?’

‘ஈஸ்டர் முடிஞ்சதும் திருச்சியில விட்டு எல்லாம் பாத்துருவேங்க. பின்சீட்ட மடக்குனா துணி மூட்டைக்கு எடம் இருக்கு. திருவிழாவுக்கு வாடகை வேன் எடுத்துக்குவோம். இதுல எது கெடும்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஏழு பேரு வண்டியில அதுகூடத் தெரியாதே?’

என் வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை. அவரும் இவ்வளவு கேட்டதில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

‘சரி. ஆனா வெல நான்தான் பேசுவேன்.’

பேசினார். என்ன விலைக்கு முடிந்தது என்று எழுத மாட்டேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

வண்டி வந்துவிட்டது. சர்ச்சிலிருந்து சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். திருச்சிக்கு ஒரு தடவை போய்வந்தாயிற்று. செலவும் வைத்தது, அது முன்பே தெரிந்ததுதான். யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லாத செலவு ஒன்று உண்டு. வெள்ளைக் காரில் நான் எங்கே போனாலும் யாருக்கும் தெரியாது. இப்போது? ‘அக்கா, காலையில ரயில்வே கேட்டுல நின்னீங்கல்ல?’ என்று அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கூச்சக்காரிக்குச் சிவப்புக் கார் வைக்கும் செலவு இது. இதை எந்த மெக்கானிக்கும் குறைத்துக் கொடுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாங்கள் இரண்டு பேர்தான். டவுனுக்குள் நுழையும் இடத்தில் வேகத்தடை. வண்டியை மெதுவாக்கினேன். டக் என்று கதவு திறக்கும் சத்தம்.

‘ஐயோ அத்தை, உக்காருங்க! ரெண்டு பேருக்கெல்லாம் தட்டாது.’

ஒரு கையால் முழங்காலையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு அத்தை இறங்கியே விட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அத்தை அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்:

‘நீ ஓட்டுத்தா... அடுத்தவுக வண்டின்னா உக்காந்தே வந்துருவேன். இது நம்ம வண்டில்ல?’