ஹெலிகாப்டருக்கு இடம் வெட்டிய கபித்தோலினா

ரஷ்யாவின் யூரல் காட்டில் மரம் வெட்டும் குழுவுக்குத் தலைவி கபித்தோலினா. கை வேகம், வாய் அதைவிட வேகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒரு மார்ச் மாதம், விண்வெளியிலிருந்து திரும்பிய கலம் ஒன்று கருவி பழுதாகி, வழி தவறி அந்தக் காட்டுக்குள் விழுந்தது. மீட்க வந்த ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை. கோடாரி, ரம்பத்தோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் ஆழப் பனியில் சறுக்குக் கட்டை கட்டிப் போனாள்.

கருகிய கலத்தருகே, வியர்வையில் நனைந்த உடை விறைத்துப்போக, விண்வெளி வீரன் ரொதியோன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"வானத்துலேருந்து விழுற ஆளு, ஒரு கோடாரி கொண்டாரக் கூடாதா தம்பி?"

"அடுத்த தடவ கொண்டாறேன்க்கா," என்றான், பற்கள் கிடுகிடுக்க.

"மொதல்ல ஈரத்தைக் கழட்டு. வெக்கப்படாத, மூணு பிள்ள பெத்தவ நான்."

தன் ஆட்டுத்தோல் கோட்டை அவனுக்கு மாட்டிவிட்டு, வெறும் சட்டையோடு மரத்தில் கோடாரியை இறக்கினாள்.

"உங்களுக்குக் குளிராதாக்கா?"

"வெட்டுறவளுக்கு ஏது குளிரு? சும்மா உக்காந்திருக்கிறவன் நீதான்."

பொழுது சாய்வதற்குள் காட்டுக்கு நடுவே ஒரு வெளி உண்டாயிற்று. ஹெலிகாப்டர் இறங்கி அவனை ஏற்றிக்கொண்டது. ஏறுமுன் கோட்டைத் திருப்பித் தர வந்தவனை அவள் அதட்டி, கோட்டோடேயே அனுப்பினாள்.

மூன்று வாரம் நெஞ்சுச் சளியோடு படுத்துக் கிடந்தாள். பார்க்க வந்தவர்களிடம், "ஆளு பொழைச்சிட்டான்ல, அது போதும்," என்றாள்.