எட்டாவது ஆட்டக்காரர்

வெள்ளிக்கிழமை மாலை. ராஸ் லஃபான் எரிவாயு ஆலைகளுக்கு அருகே, என் கணவர் வேலை செய்யும் கம்பெனியின் ஊழியர்கள் தங்கும் கேம்பை ஒட்டிய மணல் மைதானத்தில் மகளோடு உட்கார்ந்திருக்கிறேன். பஹ்ரைனிலிருந்து அவரைப் பார்க்க வந்திருக்கிறோம். இன்றைய கிரிக்கெட்டில் ஜெயித்தால்தான் அவர்கள் அணிக்கு அரையிறுதி. பந்துவீச்சாளர்கள் உயிரைக் கொடுத்து எதிரணியைச் சுருட்டிவிட்டார்கள். வழக்கம்போல மட்டைக்காரர்கள்தான் கட்டை போடுகிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் ராமநாதபுரத்து வெல்டர் பொருமுகிறார். "எங்க ரூம் செல்வம் அடிச்சா பந்து கேம்ப்பத் தாண்டும் அக்கா. அவனை எட்டாவதாத்தான் எறக்குவாங்க."

"ஏன்?"

"சைட்ல உள்ள வரிசைதான் இங்கயும். மொதல்ல இன்ஜினியர், அப்புறம் சூப்பர்வைசர், ஹெல்பர் கடைசி. அந்தா நிக்கிறாரே ஓப்பனிங் இன்ஜினியர், பந்தை அடிக்க இன்னும் பெர்மிட் வரல போல!"

சிரித்துவிடுகிறேன். அதே நேரம் மகள் ஆடுகளத்தைப் பார்த்துக் கையாட்டி, "அப்பா!" என்று கத்துகிறாள்.

வெல்டரின் முகம் வெளுக்கிறது. "சார் நல்ல பிளேயர் மேடம். பிட்ச்தான் சரியில்ல."

நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லலாமா? சொன்னால் கணவரை விட்டுக்கொடுத்ததாகுமா? யோசிப்பதற்குள் ஓவர்கள் தீர்ந்து அணி தோற்றுவிடுகிறது. காலில் பேடு கட்டிக் காத்திருந்த செல்வம் களத்துக்குள் போகவே இல்லை.

கடைசிவரை ஆட்டமிழக்காமல் திரும்பும் என் கணவருக்கு எல்லோரும் எழுந்து கைதட்டுகிறார்கள். வெல்டரும் தட்டுகிறார், என்னைப் பார்த்தபடி. நானும் தட்டுகிறேன்.