லேபில் என்னைப் பார்த்து அடித்தவள்

என் ஓரகத்தி என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். காரைக்குடியில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருடமும் லேபில் எனக்குப் பக்கத்து கம்ப்யூட்டர். ஒரு ஜாவா புரோகிராமைக்கூட அவளாக ஓட வைத்ததில்லை. என் திரையைப் பார்த்துத்தான் அடிப்பாள். பிறகு நான் இந்த வீட்டு மூத்தவருக்கு வாக்கப்பட்டேன். மூன்று வருடம் கழித்து அவள் இளையவருக்கு வாக்கப்பட்டு வந்தாள். பெண் தேடியபோது அவள் பேச்சை எடுத்ததே நான்தான். யாரை நோவது?

மாமியார் முன்னால் என்னை 'அக்கா, வாங்க' என்பாள். தனியாக இருந்தால் 'அடியே'தான். அதில் எனக்கு வருத்தமில்லை. மகன் பிறந்ததும் நான் வேலையை விட்டேன், அவளுக்கும் மகள் பிறந்தாள், அவள் விடவில்லை. சென்னைக் கம்பெனி வேலையை மாடி அறையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். எனக்கு எரிந்தது அங்கேதான்.

அவள் கம்பெனியில் ஓர் இடம் காலியாக இருப்பதை அவளே வந்து சொன்னாள். "மேனேஜர்ட்ட ஒன் பேரச் சொல்றேன்டி" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடிவிட்டது. திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை தேவகோட்டையிலிருந்து மாமியாரின் தங்கை வந்திருந்தார். நான் வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் சின்ன மருமகளின் சம்பளப் பெருமையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சும்மாதான இருக்க, மேல அவளுக்கு டீயக் கொண்டுபோய்க் குடு" என்றார். சும்மா இருந்தவள் கையைக் கழுவிவிட்டு மாடி ஏறினேன்.

அவள் வியர்த்து உட்கார்ந்திருந்தாள். ஓர் ஆஸ்பத்திரியின் முன்பதிவுப் பக்கத்தைப் பழைய சர்வரிலிருந்து கிளவுடுக்கு அன்று காலையில்தான் மாற்றியிருந்தாள். பக்கம் திறக்கிறது, பதிவு செய்தால் டேட்டாபேஸ் அனுமதி இல்லை என்கிறது. நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். சரியாக நடந்தால் அவள்தான் டீம் லீடர்.

"பாஸ்வேர்ட மூணு தடவ மாத்திட்டேன்டி. என் லேப்டாப்ல இருந்து போனா விடுது, கிளவுட்ல இருந்து போனா விடமாட்டேங்குது."

திரையில் சிவப்பாக இருந்த ஒரே வரியைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பெயர் எந்த மெஷினிலிருந்து வருகிறது என்பதையும் டேட்டாபேஸ் பார்க்கும். அனுமதிப் பட்டியலில் பழைய சர்வரும் அவள் லேப்டாப்பும்தான் இருந்திருக்கும். கிளவுடின் புது முகவரியை யாரும் சேர்க்கவில்லை. இரண்டு வரி வேலை.

"டீ ஆறிடப்போகுது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

எண்ணெயில் மாவை ஊற்ற ஊற்ற எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. முழிக்கட்டும். மூன்றரை மணிக்கு மாடியிலிருந்து குரல் வந்தது. "அக்கா, கொஞ்சம் இங்குட்டு வாரீகளா?" பாதி அழுகை. போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். கால் போய்விட்டது.

அவளும் ஒருவழியாகக் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் எந்த மெஷினிலிருந்து வந்தாலும் உள்ளே விடு என்று எழுதிவைத்து, என்டரை அடிக்கலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அத அழி மொதல்ல. உள்ள இருக்கது நோயாளிங்க வெவரம்டி. ஊரையே உள்ள விடுவியா?"

எழுந்து இடம் விட்டாள். கிளவுடில் முகவரியின் கடைசி எண் மாறக்கூடும் என்பதால், அந்தப் பகுதி முகவரிகளுக்கு மட்டும், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதிவு விழுந்தது.

நான்கு மணிக்குக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் ஆங்கிலத்தில் புகழ்ந்து தள்ளினார். "தேங்க் யூ சார்" என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எல்லாம் முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "டீ கொண்டாந்தப்பவே ஒனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல?"

"ஆமா."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. "நானும் மேனேஜர்ட்ட ஒன் பேரச் சொல்லலடி. அந்த எடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. நீ வந்துட்டா அப்புறம் என்னைய யாரு கேப்பா?" என்றாள்.

அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, படி இறங்கும்போது. அதற்கு முன்னால் வந்தது வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. டீயும் பணியாரமுமாக மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்த என்னைப் பார்த்து ஒருத்தி ஒரு மாதமாகப் பயந்திருக்கிறாள். அன்று யாருக்கும் சொல்லாமல் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மகனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து, அவள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் நானே விண்ணப்பம் போட்டேன். எங்கள் கம்பெனியில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது வேலை செய்கிறார்களா என்று கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று போட்டேன்.